தன்சாதகச் சாய்வை மூளைப் படத்தின் வழியே ஆராய்வது எப்படி?

சேர்வராயன் மலையில் மார்ச், ஏப்ரல் மாதங்களின் கோடைமழை வாய்த்தால்தான் காபி நன்றாகப் பூக்கும். விளைச்சல் கூடிய ஆண்டில் தம் கவாத்தையும் உரத்தையும் காரணமாகச் சொல்லும் தோட்டக்காரர், குறைந்த ஆண்டில் மழை ஏமாற்றிவிட்டது என்பார். வெற்றிக்குத் தன்னையும் தோல்விக்குச் சூழலையும் காரணமாக்கும் இப்போக்கே தன்சாதகச் சாய்வு. ஆனால் மழை உண்மையிலேயே பொய்த்திருக்கலாம் என்பதால், அவர் சொல்லை மட்டும் வைத்துச் சாய்வை அளந்துவிட முடியாது. இதை மூளைப் படத்தில் ஆராய விரும்பும் சேலத்து மாணவர்கள், கருவியைத் தேடுமுன் இந்தச் சிக்கலைத் தீர்க்க வேண்டும்.

அதற்கு, முடிவை ஆய்வாளரே தீர்மானிக்கும் சோதனை தேவை. விடை சரியா என்று எளிதில் அறிய முடியாத புதிர்களைக் கொடுத்து, வெற்றி தோல்வியைக் குலுக்கல் முறையில் காட்டி, ஒவ்வொன்றுக்கும் காரணம் கேளுங்கள். இதில் பொய்த் தகவல் இருப்பதால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், இறுதியில் உண்மையை விளக்குவதும் கட்டாயம். மனிதர் வெற்றியை எதிர்பார்த்தே முயல்வதால், சுயமதிப்பைக் காக்கும் ஆசை இல்லாமலும் இச்சாய்வு தோன்றலாம் என்று உளவியலாளர்கள் மில்லரும் ராஸும் 1975இல் வாதிட்டனர். ஆகவே புதிருக்கு முன்பே எதிர்பார்ப்பையும் பதிவுசெய்யுங்கள். நேரில் கேட்டால் “எல்லாம் பெரியவங்க ஆசீர்வாதம்” என்பவர், தனியே பொத்தானை அழுத்தும்போது வேறு காரணம் சொல்லக்கூடும். இரண்டு விதமாகவும் கேட்டு ஒப்பிடுவது, என் கருத்தில், எந்த ஸ்கேனுக்கும் முன்னதாகச் செய்ய வேண்டிய வேலை.

மூளை இயங்குவதைக் காந்தப்புலத்தால் படமெடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேன், நரம்பணுக்களின் மின்துடிப்பை நேரடியாக அளப்பதில்லை; இரத்தத்தின் ஆக்சிஜன் மாற்றத்தையே அளக்கிறது, அதுவும் உச்சத்தை எட்ட ஏறத்தாழ 5 நொடிகள் ஆகும். எனவே முடிவைக் காட்டுவதற்கும் காரணம் கேட்பதற்கும் இடையிலான நேரத்தை மாற்றி மாற்றி அமைத்தால்தான் இரண்டின் தடயங்களையும் பிரித்தறிய முடியும். முடிவைக் கண்ட கணத்தின் எதிர்வினையே கேள்வி என்றால், தலைமேல் மின்முனைகளை வைத்து மூளையின் மின்துடிப்பை மில்லிநொடிக் கணக்கில் பதியும் இ.இ.ஜி. பொருத்தமானது, செலவும் குறைவு. எஃப்.எம்.ஆர்.ஐ. கருவியில் வலிமையான காந்தம் இருப்பதால், கொலுசு, மெட்டி, தாலிக்கொடியில் மாட்டிய ஊக்கு ஆகியவற்றைக் கழற்ற வேண்டியிருக்கும் என்பதை முதல் நாளே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.

தன்சாதகமான விடைகளின்போது மூளையின் ஆழத்திலுள்ள ஸ்ட்ரையேட்டத்தின் மேற்பகுதி (dorsal striatum) கூடுதலாக இயங்கியதாக 2003இல் எஃப்.எம்.ஆர்.ஐ. ஆய்வொன்றில் பிளாக்வுட் குழுவினர் கண்டனர். அப்பகுதி வெகுமதி, பழக்கம், அசைவு எனப் பலவற்றிலும் பங்கேற்பதால், அது ஒளிர்ந்ததைக் கொண்டே “இவர் தம்மைத் தேற்றிக்கொள்கிறார்” என்று முடிவுகட்டக் கூடாது. ஆராயும் பகுதியையும் புள்ளியியல் திருத்தத்தையும் முதல் ஸ்கேனுக்கு முன்பே எழுதிப் பதிவுசெய்துவிடுங்கள். மூளைப் படத்தின் பல்லாயிரம் புள்ளிகளை அத்திருத்தமின்றிச் சோதித்தால், தற்செயலாகவே சில ஒளிரும்.