பழைய அம்பாசடரில் டிரம் பிரேக் கோளாறைக் கண்டறிவது எப்படி?

2014இல் மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா ஆலையில் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர், மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் வழிவந்தது. அதன் பழைய வண்டிகளில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்கே இருக்கும்: சக்கரத்தோடு சுழலும் டிரம்மின் உட்புறத்தை, லைனிங் ஒட்டிய ஷூக்கள் விரிந்து அழுத்திப் பிடிக்கும். மிதியை அழுத்தும்போது பிரேக் ஆயிலைத் தள்ளும் ஒரே மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஒரே சுற்றாக எல்லாச் சக்கரங்களுக்கும் அழுத்தம் போகும். ஆகவே ஓரிடத்தில் ஆயில் கசிந்தாலும் நான்கு பிரேக்குகளும் சேர்ந்தே கைவிடும்; மிஞ்சுவது பின்சக்கரங்களை மட்டும் பிடிக்கும் ஹேண்ட் பிரேக்தான். பிரேக் சரியில்லை என்றதும் மாஸ்டர் சிலிண்டரை மாற்றிவிடுவது பலருடைய வழக்கம். பெரும்பாலும் அது வீண் செலவு. ஒரு நட்டைக் கூடக் கழற்றாமல் பிரேக் மிதியைக் கொண்டே கோளாற்றின் பாதியைக் கண்டுகொள்ளலாம்.

படி 1: மிதியைச் சோதித்தல்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பிரேக் ஆயிலின் அளவைப் பார்த்துவிட்டு, மிதியை நிதானமாக மிதிக்கவும். முதல் மிதியில் ஆழமாக இறங்கும் மிதி, அடுத்தடுத்து மிதிக்கும்போது மேலேறிக் கெட்டியாக நின்றால், ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையே இடைவெளி கூடியிருக்கிறது என்று பொருள். அந்த இடைவெளியைக் குறைத்து அட்ஜஸ்ட் செய்தாலே போதும். மேலேறிய பிறகும் பஞ்சை மிதிப்பது போலவே இருந்தால் குழாய்களில் காற்று புகுந்திருக்கிறது. அரை நிமிடம் ஒரே அழுத்தத்தில் பிடித்திருக்கும்போது மிதி மெல்லக் கீழிறங்கினால் எங்கோ கசிகிறது. குழாய்களிலும் ஹோஸ்களிலும் நான்கு சக்கரங்களின் உட்புறத்திலும் ஈரமே இல்லை என்று உறுதியான பிறகுதான் மாஸ்டர் சிலிண்டரின் உள்ரப்பர்மீது சந்தேகம் கொள்ள வேண்டும். மிதி கெட்டியாக இருந்தும் வண்டி நிற்க மறுத்தால், லைனிங்கில் எண்ணெய் படிந்திருக்கலாம், அதன் முகம் கண்ணாடிபோல் வழுவழுப்பாகியிருக்கலாம், அல்லது ஷூக்களை விரிக்கும் வீல் சிலிண்டரின் பிஸ்டன் துருவேறி இறுகியிருக்கலாம்.

படி 2: இழுக்கும் பக்கம்

ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டி பிரேக் போடும்போது வண்டி இடப்பக்கம் இழுத்தால், இடப்பக்க பிரேக் கெட்டுவிட்டது என்று முடிவு செய்வது புதியவர்களுக்கு இயல்பு. பெரும்பாலும் உண்மை நேர்மாறானது: இடப்பக்கம் பிடிக்கிறது, வலப்பக்கம்தான் பிடிக்கவில்லை. டயர்களின் காற்றழுத்தத்தைச் சரிபார்த்துவிட்டு, வலது முன்சக்கரத்தை முதலில் திறக்கவும்.

படி 3: டிரம்மைத் திறத்தல்

மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியால் தூக்கிய பின் உறுதியான ஸ்டாண்டின்மீது வண்டியை இறக்கவும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே கை நுழைக்கக் கூடாது. பின்சக்கரமானால் ஹேண்ட் பிரேக்கை விடுவிக்க வேண்டும். டிரம் வர மறுத்தால் சுத்தியலை எடுப்பதற்கு முன் ஷூவின் இடைவெளியை மாற்றும் அட்ஜஸ்டரைத் தளர்த்திப் பாருங்கள். தேய்ந்த டிரம்மின் விளிம்பு ஷூவில் மாட்டிக்கொண்டிருக்கும். பழைய லைனிங்குகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருந்ததால், உள்ளே இருக்கும் தூசியைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதவே கூடாது. முகக்கவசம் அணிந்து, ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

உள்ளே ஈரம் கண்டால் அது எந்த ஆயில் என்பதைத் தீர்மானிப்பது முக்கியம். தண்ணீரில் கரைந்து போனால் அது பிரேக் ஆயில், ஆகவே வீல் சிலிண்டர் கசிகிறது. தண்ணீரோடு ஒட்டாமல், கறுத்து, கந்தக நெடியடித்தால் பின் ஆக்சிலின் கியர் ஆயில். ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் வளையத்தை மாற்றாமல் ஷூவை மட்டும் மாற்றினால் புது லைனிங்கும் விரைவிலேயே பாழாகும். எண்ணெய் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மீண்டும் போடும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. சூடானதும் உள்ளே ஊறியது மறுபடி மேலே வரும். ரிவெட் தலை வரை தேய்ந்த லைனிங்கையும், ஒரு பக்கம் மாற்றினால் மறுபக்கத்தையும் சேர்த்தே மாற்றவும். டிரம் திறந்திருக்கும்போது யாரும் மிதியை மிதிக்கக் கூடாது, பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

படி 4: சக்கரம் இறுகினால்

சிறிது தூரம் ஓடியதும் ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால், தூக்கிய நிலையில் அந்தச் சக்கரத்தின் பிளீடர் திருகை (ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும் திருகு) சற்றுத் தளர்த்தவும். ஆயில் பீறிட்டுச் சக்கரம் விடுபட்டால் அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது. பழைய ரப்பர் ஹோஸ் உட்புறம் வீங்கி, போகும் ஆயிலைத் திரும்ப விடாமல் தடுப்பதே வழக்கமான காரணம். வெளியே பார்ப்பதற்கு அந்த ஹோஸ் குறையற்றதாகவே இருக்கும். திருகைத் தளர்த்தியும் சக்கரம் விடுபடாவிட்டால் இறுகிய பிஸ்டன், தளர்ந்த ரிட்டர்ன் ஸ்பிரிங், ஹேண்ட் பிரேக் கேபிள் ஆகியவற்றைப் பார்க்கவும். நான்கு சக்கரங்களும் ஒன்றாக இறுகினால், மிதிக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் இடையே சிறிதளவு வெற்றசைவு (அழுத்தம் தொடங்குமுன் மிதி தளர்வாக அசையும் தூரம்) இருக்கிறதா என்று சோதிக்கவும்.

படி 5: அட்ஜஸ்ட் செய்து ஏர் எடுத்தல்

அட்ஜஸ்ட் செய்யாமல் ஏர் எடுப்பதில், அதாவது குழாய்களில் புகுந்த காற்றை வெளியேற்றுவதில், பயனில்லை. சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே, அது நிற்கும்வரை அட்ஜஸ்டரைத் திருப்பி, பிறகு தடையின்றிச் சுற்றும் அளவுக்கு மட்டும் பின்வாங்கவும். ஷூக்களுக்குத் தனித்தனி அட்ஜஸ்டர் இருந்தால் ஒவ்வொன்றாகச் செய்யவும்.

ஏர் எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கவும். வலப்பக்கம் ஓட்டும் நம் வண்டியில் அது பின் இடச்சக்கரம். ஒருவர் மிதியை அழுத்தியிருக்க, மற்றவர் திருகைத் திறந்து, குமிழி வெளியேறியதும் மூடிய பிறகே மிதியை விடச் சொல்ல வேண்டும். தொட்டி காலியாக விடக்கூடாது. பிரேக் ஆயில் புட்டியில் டாட் 3 (DOT 3) என்ற தரக்குறி இருக்க வேண்டும். ஈரம் உறிஞ்சாத நிலையில் அதன் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறினால் 140 வரை இறங்கலாம். மலைப்பாதையில் மிதி திடீரெனப் பஞ்சாகிவிடுவதற்கு இந்தப் பழைய ஆயிலும் ஒரு காரணம். எஞ்சின் ஆயிலோ டீசலோ ஒரு சொட்டு கலந்தாலும் ரப்பர்கள் வீங்கிவிடும். பெயிண்ட்மேல் சிந்திய பிரேக் ஆயிலை உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவவும்.

படி 6: ஓட்டிப் பார்த்தல்

நகர்த்துவதற்கு முன் மிதி கெட்டியாக நிற்கிறதா என்று பார்த்து, நடை வேகத்தில் சிலமுறை பிரேக் போட்டுவிட்டுப் பிறகு சாலைக்குச் செல்லவும். திரும்பி வந்ததும் நான்கு டிரம்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடவும். முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே அளவிலும், பின்சக்கரங்கள் இரண்டும் அவற்றைவிடச் சற்றுக் குறைவாகவும் சூடாகியிருக்க வேண்டும். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அந்தச் சக்கரத்தை மீண்டும் திறக்கவும்.