போனில் விளம்பரத் தொல்லையா? பிரவுசரை மாற்றிப் பாருங்கள்

ஆண்ட்ராய்டு போனில் செய்தித் தளம் எதைத் திறந்தாலும் பாதித் திரையை விளம்பரமே அடைத்துக்கொள்கிறதா? பயர்பாக்ஸ் பிரவுசரைப் போட்டுப் பாருங்கள். போனில் உள்ள குரோமில் எக்ஸ்டென்ஷன் (பிரவுசரோடு கூடுதலாகச் சேர்க்கும் சிறு வசதி) சேர்க்க வழியில்லை, பயர்பாக்ஸில் உண்டு. மெனுவில் எக்ஸ்டென்ஷன்ஸ் பகுதிக்குப் போய் விளம்பரத்தைத் தடுக்கும் 'யூபிளாக் ஆரிஜின்' சேர்த்தால் போதும். பக்கம் சட்டென்று திறக்கும், டேட்டாவும் மிச்சம்.

சரி, பழைய புக்மார்க் எல்லாம்? கம்ப்யூட்டர் பயர்பாக்ஸில் இம்போர்ட் கொடுத்தால் குரோமில் இருப்பது வந்துவிடும். அப்புறம் அங்கே மொஸில்லா கணக்கில் நுழைந்து, போனிலும் அதே கணக்கில் நுழைந்து சிங்க் (இரண்டிலும் ஒன்றுபோல் வைக்கும் வசதி) போடுங்கள். குரோமில் உள்ள பாஸ்வேர்டுகளை சிஎஸ்வி கோப்பாக (சாதாரண எழுத்துப் பட்டியல்) எடுத்து பயர்பாக்ஸில் ஏற்றினால், வேலை முடிந்த கையோடு அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள். அதில் எல்லாமே பூட்டில்லாமல் அப்படியே எழுதியிருக்கும். குரோமை உடனே தூக்கிவிட வேண்டாம், சில தளங்கள் அதில்தான் ஒழுங்காக நடந்துகொள்ளும்.