வடக்குச் சுவரில் வெயில் படாதா? பூமியின் சாய்வைப் பற்றி நாம் செய்யும் தவறுகள்

ஆனி மாதம் பாளையங்கோட்டையில் அண்ணன் வீட்டு மொட்டை மாடியில் நின்றிருந்தோம். கைப்பிடிச் சுவரின் நிழலையே பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் மகன், "சித்தப்பா, நிழல் தெக்க விழுது. படத்துல வடக்கன்னுல்லா போட்டிருக்கு" என்றான். அவன் கண்ணால் கண்டதுதான் சரி. அவன் பார்த்திருந்த படம் வெகு வடக்கே உள்ள ஏதோ ஓர் ஊருக்கு வரைந்தது.

பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது. திருநெல்வேலி இருப்பது வடக்கு அட்சரேகை 8.7 டிகிரியில். அதனால் ஏப்ரல் 12, 13 வாக்கில் ஒருமுறை, ஆகஸ்ட் கடைசியில் ஒருமுறை, சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே வரும். இடைப்பட்ட நாலரை மாதமும் மதியச் சூரியன் நமக்கு வடக்கேதான். ஒரு மீட்டர் குச்சியை நட்டுப் பாருங்கள். ஜூன் 21 உச்சிப்பொழுதில் 26 சென்டிமீட்டர் நிழல் தெற்கே விழும். டிசம்பர் 21 அன்று 63 சென்டிமீட்டர் வடக்கே விழும்.

இது தெரியாமல் வீடு கட்டும்போது கைப்பணத்தை விடுகிறோம். "வடக்குச் சுவர்ல வெயிலே படாது, சன்ஷேட் எதுக்கு" என்பார்கள். டெல்லியில் மதிய வெயிலுக்கு அது பொருந்தும். இங்கே ஜூன் மாதத்தில் சூரியன் எழுவது வடகிழக்கு ஓரமாக, விழுவது வடமேற்கு ஓரமாக. மேகம் இல்லாத நாளில் வடக்குச் சுவர் பகல் முழுக்கக் காயும். சோலார் பலகையைத் தெற்கு பார்த்து வைப்பது சரிதான், ஆனால் பத்து டிகிரி சரிவு போதும். வடநாட்டுக் கணக்கைப் பார்த்து அதிகமாக நிமிர்த்த வேண்டாம்.

நிழலை அளப்பவர்கள் கடிகாரத்தில் சரியாக 12 மணிக்குக் குச்சியோடு போய் நிற்பதும் தவறு. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது, நாம் அதற்கு மேற்கே 77.7-ல் இருக்கிறோம். நம் உச்சிப்பொழுது சுமார் 12.20. பிப்ரவரியில் 12.33 வரைக்கும் தள்ளிப்போகும், நவம்பர் தொடக்கத்தில் 12.03-க்கே வந்துவிடும்.

சூரியனுக்குக் கிட்டே போவதால் கோடை வருகிறது என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. பூமி மிக அருகே, 14.7 கோடி கிலோமீட்டரில், இருப்பது ஜனவரி தொடக்கத்தில், அதாவது மார்கழிப் பனியில். ஜூலை தொடக்கத்தில்தான் 15.2 கோடிக்கு விலகிப் போகிறது.

பிள்ளைகளுக்குச் செய்து காட்டும்போது நடக்கும் ஒரு தவறு எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. விளக்கைச் சுற்றி உருண்டையைக் கொண்டுபோகும்போது அதன் தலையை எப்போதும் விளக்கைப் பார்த்தே திருப்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பருவமே மாறாது. ஓர் எலுமிச்சம்பழத்தில் ஈர்க்கைக் குத்துங்கள். கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, ஈர்க்கின் நுனி சுவரில் தொங்கும் காலண்டர் பக்கமே இருக்கும்படி விளக்கைச் சுற்றி வாருங்கள். ஒரு பக்கம் நுனி விளக்கை நோக்கிச் சாயும், எதிர்ப்பக்கம் விலகிச் சாயும். ஜூனும் டிசம்பரும் அவ்வளவுதான். பூமியின் ஈர்க்கு பார்ப்பது துருவ நட்சத்திரத்தை. இரவில் மாடியில் வடக்கே, கங்கைகொண்டான் திசையில், கையை நீட்டி முஷ்டியை அடிவானத்தின் மேல் வையுங்கள். அந்த ஒரு முஷ்டி உயரத்துக்குள்ளேயே மங்கலாகத் தெரியும்.

அப்புறம், வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்ற நாலு பருவத்தை நம் ஊரில் தேடாதீர்கள். இங்கே சாய்வின் வேலை காற்று வழியாகத்தான் தெரிகிறது. வடக்கே நிலம் சூடேறும்போது தென்மேற்குக் காற்று மலையில் மழையைக் கொட்டி, தாமிரபரணியில் கார் சாகுபடிக்குத் தண்ணீர் தருகிறது. காற்று திரும்பி ஐப்பசியில் வடகிழக்கிலிருந்து வந்தால் பிசானம் என்ற அடுத்த நெல் சாகுபடி.

தை முதல் நாளில் சூரியன் வடக்கே திரும்புகிறது என்பதும் இன்றைய வானத்துக்குப் பொருந்தாது. திருப்பம் டிசம்பர் 21, 22-லேயே முடிந்துவிடுகிறது. அச்சு பம்பரத்தின் தலைபோல ஏறத்தாழ 26,000 ஆண்டுக்கு ஒரு சுற்றுச் சுற்றுவதால், ஒரு காலத்தில் ஒன்றாக இருந்த திருப்பமும் தைப் பிறப்பும் விலகிவிட்டன. பொங்கல் மகர ராசியைப் பின்பற்றுகிறது, அதன் கணக்கு வேறு.

பகல் நீளத்திலும் வெளியூர் அளவு வேண்டாம். லண்டனில் ஜூன் பகல் பதினாறரை மணி நேரத்துக்கும் மேல், டிசம்பரில் எட்டுக்கும் குறைவு. நமக்கு 12 மணி 38 நிமிடமும் 11 மணி 37 நிமிடமும்; ஒரு மணி நேர வித்தியாசம்தான். பகல் வளரத் தொடங்கியதும் விடியலும் முந்திவிடும் என்று நினைக்க வேண்டாம். டிசம்பர் 21-ல் 6.29-க்கு உதிக்கும் சூரியன் தை நடுவில் 6.40-க்குத்தான் வரும். ஆனால் மாலையில் 6.06-க்கு மறைந்தது 6.23 வரை நிற்கும்.