கிரேட் 11 பாடத் தெரிவு: ஐபி டிப்ளோமா எடுக்கப் போற பிள்ளைக்கு ஃபோம் நிரப்புறது எப்பிடி?

கொழும்பில இன்டர்நேஷனல் ஸ்கூல் எண்டு போர்ட் போட்டிருக்கிறதெல்லாம் ஒரே பாடத்திட்டம் இல்ல. கனக்க ஸ்கூல்ல நடக்கிறது நாங்கள் லண்டன் ஓஎல், லண்டன் ஏஎல் எண்டு சொல்லுற கேம்பிரிட்ஜ் இல்லாட்டி எடெக்செல்தான். அதில மூண்டு பாடம் எடுத்தா மூண்டுக்கும் தனித்தனி ரிசல்ட் வரும், ஒண்டு பிழைச்சாலும் மற்ற ரெண்டும் கையில இருக்கும். கிரேட் 11, 12ல படிக்கிற ஐபி (இன்டர்நேஷனல் பக்கலோரியட்) டிப்ளோமா அப்பிடி இல்ல, ஆறு பாடமும் அதோட சேர்ந்த மற்ற வேலையளும் எல்லாம் ஒரே கட்டு, கட்டில ஒரு நிபந்தனை குறைஞ்சாலும் டிப்ளோமா இல்ல. 1957ல தொடங்கி இப்ப பெலவத்தையில இருக்கிற ஓவர்சீஸ் ஸ்கூல் ஒஃப் கொலம்போ மாதிரி ஐபி ஸ்கூல்ல பிள்ளையைச் சேர்க்க யோசிக்கிற ஆக்களுக்கும், கிரேட் 10 முடிச்சு பாடத் தெரிவு ஃபோமோட வீட்டுக்கு வந்த பிள்ளையளுக்கும்தான் இது.

முதலாம் படி: எங்க படிக்கப் போறது எண்டு முதல்ல கதையுங்கோ

ஃபோமை இப்ப தொடாதேங்கோ. மொரட்டுவை, பேராதனை, கொழும்பு கெம்பஸ் எண்டு மனசில ஒரு ஆசை இருந்தா, அங்க வழமையா எடுபடுறது லோக்கல் ஏஎல் எழுதி வாற இசட் ஸ்கோரில. ஐபி பொயின்ட்ஸ் அந்தக் கணக்குக்குள்ள வராது. இதைக் கிரேட் 12ல அறிஞ்சு என்ன பிரயோசனம்? வெளிநாடு எண்டா எந்த நாடு, எந்தத் துறை எண்டு ஒரு ரெண்டு மூண்டு தெரிவாவது எழுதி, அந்த யூனிவர்சிட்டி வெப்சைட்டில ஐபிக்கு என்ன கேக்கினம் எண்டு பாருங்கோ. மொத்தப் பொயின்ட்ஸ் மட்டும் இல்ல, எந்தப் பாடம் எந்த லெவலில வேணும் எண்டும் போட்டிருப்பினம், அந்த வரிதான் முக்கியம்.

ரெண்டாம் படி: ரெண்டு சேர்ட்டிபிக்கட்டையும் பிரிச்சுக் கேளுங்கோ

சில ஸ்கூல் தாங்களே ஒரு ஹைஸ்கூல் டிப்ளோமாவும் குடுக்கும், அது கிரேட் 9ல இருந்து 12 வரைக்கும் சேர்க்கிற கிரெடிட், அட்டென்டன்ஸ் எல்லாம் பார்த்து ஸ்கூல் குடுக்கிறது. ஐபி டிப்ளோமா வேற, அது வெளியில திருத்துற சோதினை. மேடையில தொப்பி போட்டுப் படம் எடுத்த பிள்ளைக்கு ஐபி டிப்ளோமா கிடைக்காமலும் போகலாம், ஏனெண்டா கிராஜுவேஷன் விழா முடிஞ்சு மே மாச சோதினை ரிசல்ட் ஜூலையிலதான் வரும். அதால ஸ்கூல் டிப்ளோமாவுக்கு எத்தினை கிரெடிட், இன்னும் எந்தப் பாடத்தில குறையுது எண்டு கவுன்சிலரிட்ட ஒரு பேப்பரில வாங்கி வையுங்கோ. இடையில வேற ஸ்கூல்ல இருந்து வந்த பிள்ளை எண்டா, பழைய ஸ்கூல் பாடங்களுக்கு என்ன கிரெடிட் போட்டிருக்கினம் எண்டதையும் அப்பவே பாருங்கோ.

மூண்டாம் படி: ஆறு பெட்டி கீறுங்கோ

ஒரு கொப்பித் தாளில ஆறு பெட்டி. முதல் பெட்டி மொழியும் இலக்கியமும், பெரும்பாலும் இங்கிலிஷ் ஏ. ரெண்டாவது இன்னொரு மொழி. புதுசாத் தொடங்கிறது எண்டா அப் இனிஷியோ எண்டு ஒரு கோர்ஸ் இருக்கு, ஆனா அது எஸ்எல்ல (ஸ்டாண்டர்ட் லெவல்) மட்டும்தான். மூண்டாவது எகனொமிக்ஸ், பிஸ்னஸ் மனேஜ்மென்ட், ஹிஸ்டரி, சைக்கோலஜி மாதிரி ஒண்டு. நாலாவது சயன்ஸ். அஞ்சாவது மெத்ஸ், அதில அனலிசிஸ் எண்டும் அப்ளிகேஷன்ஸ் எண்டும் ரெண்டு வகை, ஒண்டைத்தான் எடுக்கலாம். ஆறாவது ஆர்ட்ஸ், விருப்பமில்லாட்டி அந்தப் பெட்டியில இன்னொரு சயன்ஸோ, மூண்டாம் பெட்டிப் பாடமோ, மொழியோ போடலாம். டொக்டராகோணும் எண்டுற பிள்ளையள் பயோவும் கெமிஸ்ட்ரியும் சேர்த்து எடுக்கிறது இந்த ஆறாவது பெட்டியாலதான்.

தமிழ் எடுக்கலாமோ எண்டு எல்லா அம்மாமாரும் கேப்பினம். தாய்மொழிக்கு ஸ்கூல்ல ரீச்சர் இல்லாட்டியும் அந்த மொழி இலக்கியத்தை எஸ்எல்ல சுயமாப் படிக்கிற ஒரு வழி ஐபியில இருக்கு. எந்தச் சோதினைக்கு எந்தெந்த மொழி எண்டு ஐபி முன்கூட்டியே அறிவிக்கும், சில மொழிக்கு முன்னாலயே விண்ணப்பமும் போட வேணும், அதால ஃபோம் குடுக்கிற அண்டைக்கு இல்ல, மாசக்கணக்கா முந்தியே கோர்டினேட்டரிட்ட போங்கோ. இங்கிலிஷ் ஏயோட இன்னொரு மொழி ஏயும் எடுத்து ரெண்டிலயும் 3 இல்லாட்டி அதுக்கு மேல வந்தா பைலிங்குவல் டிப்ளோமா. என்னைக் கேட்டா, வீட்டில தமிழ் வாசிக்கிற பிள்ளை அரைகுறை ஃபிரெஞ்சுக்குப் போறதை விட இது எவ்வளவோ மேல், ஆனா வீட்டில கதைக்க மட்டும் தெரிஞ்ச பிள்ளைக்கு இலக்கியம் எழுதுறது நல்லாக் கஷ்டப்படுத்தும், அதையும் சொல்லத்தான் வேணும்.

நாலாம் படி: எச்எல், எஸ்எல் போடுங்கோ

ஆறில மூண்டு எச்எல் (ஹையர் லெவல், கூட ஆழமாப் படிக்கிறது), மிச்சம் எஸ்எல். எச்எல்லுக்கு 240 மணித்தியாலம், எஸ்எல்லுக்கு 150 மணித்தியாலம் படிப்பிக்க வேணும் எண்டது ஐபி கணக்கு. நாலு எச்எல்லும் எடுக்கலாம், ஆனா அதுக்கு எண்டு தனிப் பரிசு ஒண்டும் இல்ல. இஞ்சினியரிங் எண்டா அனலிசிஸ் மெத்ஸ் எச்எல், ஃபிசிக்ஸ் எச்எல் எண்டு கேக்கிற இடங்கள் கனக்க, முதலாம் படியில எழுதினதை இப்ப எடுத்துப் பாருங்கோ. வெள்ளவத்தையில எந்தப் பாடத்துக்கு நல்ல ரியூஷன் சேர் இருக்கிறார் எண்டு பார்த்து எச்எல் தெரிவு செய்யிற பழக்கம் ஒண்டு இருக்கு, அதை விடுங்கோ.

அஞ்சாம் படி: ஃபெயில் கணக்கு போட்டுப் பாருங்கோ

இதுதான் கனபேர் செய்யாத வேலை. ஒவ்வொரு பாடத்துக்கும் 1ல இருந்து 7 வரை, ஆறுக்கும் 42, ஆறாம் படியில வாற டிஓகே, ஈஈ ரெண்டுக்கும் சேர்த்து 3, மொத்தம் 45. பாஸுக்கு 24 எண்டு எல்லாருக்கும் தெரியும். மற்ற நிபந்தனையள்தான் தெரியாது: ஒரு பாடத்திலயும் 1 வரக்கூடாது, 2 ரெண்டுக்கு மேல வரக்கூடாது, 3உம் அதுக்குக் கீழயும் எண்டு சேர்த்துப் பார்த்தா மூண்டுக்கு மேல வரக்கூடாது, மூண்டு எச்எல்லும் சேர்ந்து 12 வேணும், மூண்டு எஸ்எல்லும் சேர்ந்து 9 வேணும்.

ஒரு பிள்ளைக்கு பயோ எச்எல் 4, கெமிஸ்ட்ரி எச்எல் 3, இங்கிலிஷ் எச்எல் 4, எஸ்எல்ல மெத்ஸ் 5, பிஸ்னஸ் 6, ஃபிரெஞ்ச் 6 எண்டு வையுங்கோ. கூட்டினா 28, 24ஐத் தாண்டி நாலு கூட. ஆனா எச்எல் மூண்டும் 11தான், டிப்ளோமா இல்ல! அதே பிள்ளை கெமிஸ்ட்ரியை எஸ்எல்லுக்கும் பிஸ்னஸை எச்எல்லுக்கும் மாத்தி 5 எடுத்திருந்தாலும் எச்எல் 13, பிரச்சினையே இல்ல. மருத்துவம் உண்மையாவே வேணுமோ, சொந்தக்காரருக்குச் சொல்லவோ எண்டு பிள்ளையோட மனம் விட்டுக் கதைக்க வேண்டிய இடம் இதுதான். கிரேட் 10 ரிப்போர்ட்டை வைச்சு ஒவ்வொரு பெட்டியிலயும் கொஞ்சம் குறைச்சு ஒரு இலக்கம் எழுதிக் கூட்டுங்கோ, எச்எல் 12க்குப் பக்கத்தில நிண்டா தெரிவை மாத்துங்கோ.

ஆறாம் படி: பாடம் இல்லாத மூண்டையும் கலண்டரில போடுங்கோ

டிஓகே (தியரி ஒஃப் நொலெஜ், அறிவு எண்டா என்ன எண்டு யோசிக்கிற வகுப்பு), ஈஈ (எக்ஸ்டெண்டட் எசே), காஸ் (கிரியேட்டிவிட்டி, அக்டிவிட்டி, சேர்விஸ்). டிஓகேயில 1,600 சொல்லுக்குள்ள ஒரு கட்டுரையும் ஒரு எக்சிபிஷனும். ஈஈ எண்டது 4,000 சொல்லுக்குள்ள பிள்ளை தானே தேடி எழுதுற ஆய்வு. டிஓகேயிலயோ ஈஈயிலயோ ஈ கிரேட் வந்தா மற்றதெல்லாம் 7 எண்டாலும் டிப்ளோமா இல்ல. தலைப்பு கிட்டத்தில இருக்கிறதா எடுத்தா சுகம், பேரை வாவித் தண்ணியை எத்தினை தரமும் போய் எடுக்கலாம், அமேசன் காட்டுக்குப் போக ஏலாது தானே.

காஸுக்குப் பொயின்ட்ஸ் இல்ல, ஆனா செய்யாட்டி டிப்ளோமா இல்ல. குறைஞ்சது 18 மாசம் விடாம நடக்கோணும். பரதநாட்டியம், மிருதங்கம், கல்கிசைக் கடற்கரை துப்பரவு, ஆடிவேலுக்குத் தண்ணீர்ப் பந்தல் எல்லாம் சேர்க்கலாம், ஆனா புதுசா ஒரு இலக்கு வைச்சு, நடந்ததைப் பற்றி எழுதி வைக்க வேணும். கடைசி மாசம் எல்லாத்தையும் சேர்த்து எழுதினா கோர்டினேட்டருக்கு வாசிக்கேக்கயே விளங்கும்.

ஏழாம் படி: ஃபோமைக் குடுங்கோ, கடைசித் திகதியைக் கேளுங்கோ

பாடம் மாத்த எத்தினை கிழமை விடுவினம் எண்டு எழுத்தில வாங்குங்கோ, கிரேட் 11 முதல் டேர்ம் தாண்டினா எச்எல்லுக்கு ஏறுறது பெரும்பாலும் சரிவராது, எஸ்எல்லுக்கு இறங்கிறது அதை விடச் சுகம். சோதினை ஒருதரம் பிழைச்சாலும் மொத்தம் மூண்டு செஷன் வரைக்கும் எழுதலாம், மேயும் நவம்பரும். ரிசல்ட்டை எந்த யூனிவர்சிட்டிக்கு அனுப்ப வேணும் எண்ட பட்டியலைக் கோர்டினேட்டரிட்ட குடுக்கிறது ரிசல்ட் வாறதுக்கு முந்தி செய்யிற வேலை, அதை லீவில ஊருக்குப் போக முதல் முடிச்சு விடுங்கோ.