தடங்கலில்லாமல் வாசிக்கிறான், ஏன் புரியவில்லை? நாம் செய்யும் தவறுகள்

பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருப் பிள்ளைகள் சிலர் சாயங்காலம் என்னிடம் படிக்க வருகிறார்கள். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம். அம்மாக்கள் சொல்வது ஒன்றுதான்: "நல்லாத்தான் வாசிக்கிறான் அக்கா, கேள்வி கேட்டா மட்டும் முழிக்கிறான்."

நன்றாக வாசித்தால் புரிந்துவிட்டது என்று நினைப்பதுதான் முதல் தவறு. போன மாதம் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், பஞ்சத்தைப் பற்றிய ஆங்கிலப் பத்தியை எங்கேயும் திக்காமல் வாசித்தான். அதில் 'கிராப்ஸ் ஃபெயில்டு' என்று வந்தது. "அப்படின்னா?" என்றேன். "பயிர் ஃபெயிலாயிடுச்சு அக்கா." "பயிர் எப்படிப்பா ஃபெயிலாகும்?" பதில் இல்லை. ஃபெயில் என்றால் அவனுக்குப் பரீட்சைதான். அதனால் அடுத்த வரியில் ஜனங்கள் ஏன் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள் என்பதும் அவனுக்குப் பிடிபடவில்லை. அவன் தாத்தா ஊர் தர்மபுரிப் பக்கம் என்று எனக்குத் தெரியும். அங்கே மழை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். "ஓ, தாத்தாவோட கேழ்வரகு காய்ஞ்சு போச்சே, அதுவா!" என்றான். அப்புறம் மொத்தப் பத்தியும் அவனே சொன்னான்.

இதனால்தான், விஷயத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேசாமல் பாடத்தைத் திறக்காதீர்கள் என்கிறேன். 1988-ல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் ஓர் ஆய்வு செய்தார்கள். பேஸ்பால் பற்றிய பத்தியை, வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் அந்த ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், ஆட்டம் தெரியாத நல்ல வாசகர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள்.

அடுத்தது எனக்கு ரொம்பவே வருத்தம் தருவது. கேள்வியில் இருக்கும் சொல்லைப் பத்தியில் தேடி, அந்த வரியை அப்படியே எழுதச் சொல்லிக்கொடுக்கிறோம். மார்க்கும் விழுகிறது. இதைப் பாருங்கள்: 'தொளுவன் நேற்று சிமுடியில் மிலுங்கினான்.' தொளுவன் எங்கே மிலுங்கினான்? சிமுடியில். சரியான விடை! ஆனால் அந்தச் சொற்களுக்கு அர்த்தமே கிடையாது, நானே கட்டியவை. 'எங்கே, எப்போது' கேள்விகளோடு நிறுத்தாதீர்கள். 'ஏன் அப்படிச் செய்தான், நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்' என்று கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

தெரியாத சொல் வந்தவுடன் அகராதியைத் தேடி ஓடுவதும் வேண்டாம். வாக்கியத்தை முடித்து, ஊகித்து, அப்புறம் பார்க்கட்டும்.

புரியவில்லையா, இன்னொரு தடவை படி என்பது எல்லா வீட்டிலும் கேட்கிற குரல். திரும்பப் படிக்கும்போது வரிகள் பழகிப்போகின்றன, அந்தப் பழக்கத்தைப் புரிதல் என்று பிள்ளை நம்பிவிடுகிறது. 2006-ல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து, படித்ததைப் பாராமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, திரும்பப் படித்தவர்களுக்கு 42 தான்.

ஆகவே புத்தகத்தை மூடிவைத்துச் சொல்லச் சொல்லுங்கள். "இங்கிலீஷ்லயே சொல்லு" என்று மட்டும் தயவுசெய்து கட்டாயப்படுத்தாதீர்கள். அம்மா சமையலறையில் வெங்காயம் நறுக்கும்போது பக்கத்தில் நின்று தமிழிலேயே கதையாகச் சொல்லட்டும், நடுவில் கன்னடம் கலந்தாலும் பரவாயில்லை. எந்த இடத்தில் தயங்கி நிற்கிறானோ அங்கேதான் அவனுக்குப் புரியவில்லை. அந்த நாலு வரியை மட்டும் திறந்து பார்த்தால் போதும்.