கட்டியைச் சூடாக்கினால் போதாது: ஹைப்பர்தெர்மியாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புற்றுநோய்க் கட்டியை 40 முதல் 43 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி ஏறத்தாழ ஒரு மணி நேரம் அதே நிலையில் வைத்திருப்பதுதான் ஹைப்பர்தெர்மியா. ஊசியைக் குத்தி 60 டிகிரிக்கு மேல் சுட்டுக் கருக்கும் சிகிச்சை வேறு. இந்த மிதமான சூடு தனியாகப் புற்றுநோயை ஒழிக்காது. கதிர்வீச்சுக்கோ கீமோவுக்கோ துணையாக வரும்போதுதான் பலன் தரும்.

பெரிய தவறு, மெஷினில் எவ்வளவு வாட் போகிறது என்பதைப் பார்த்துத் திருப்தி அடைவது. உடலுக்குள் எத்தனை டிகிரி ஏறியது என்பதே மருந்தளவு. ரத்த ஓட்டம் வெப்பத்தை அள்ளிக்கொண்டு போவதால் பெரிய ரத்தக்குழாயை ஒட்டிய பகுதி சூடாகாமலே இருந்துவிடும். அதனால் சராசரியை நம்பக் கூடாது. அளந்த இடங்களில் 90 சதவீதம் எட்டிய வெப்பநிலையைப் பார்க்க வேண்டும். இதை டி90 என்பார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு பிறப்புறுப்பு, சிறுநீர்ப்பை, மலக்குடல் ஆகியவற்றில் வெப்பமானிகளை வைத்து அளப்பது வழக்கம்.

ஒரு டிகிரி குறைந்தால் என்ன என்று தோன்றலாம். 43 டிகிரிக்குக் கீழே ஒவ்வொரு டிகிரி இறக்கத்துக்கும் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்கு தேவை. 42 டிகிரியில் 60 நிமிடம் என்பது 43 டிகிரியில் 15 நிமிடத்துக்குத்தான் சமம். 41 டிகிரியில் அது நான்கு நிமிடம்கூட இல்லை. அமெரிக்காவில் 1980களில் மேலோட்டமான கட்டிகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வில் மொத்தத்தில் பலன் தெரியாமல் போனதற்கு, பெரிய கட்டிகள் சரியாகச் சூடாகாததே முக்கியக் காரணம். 1990 முதல் 1996 வரை நெதர்லாந்தில் நடந்த ஆய்விலோ, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 27 சதவீதம் பேர் மூன்று ஆண்டுக்குப் பிறகு உயிரோடு இருந்தார்கள். சூடும் சேர்ந்தவர்களில் 51 சதவீதம்.

கதிர்வீச்சு வாரம் ஐந்து நாள் நடப்பதால், 'சூட்டையும் தினமும் கொடுத்தால் என்ன?' என்று குடும்பத்தார் கேட்பதுண்டு. கூடாது. சூடு பட்ட செல்கள் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களை உருவாக்கிக்கொண்டு இரண்டு மூன்று நாள் வரை சூட்டைத் தாங்கிக்கொள்ளும். வாரம் ஒன்று, அதிகம் போனால் இரண்டு முறைதான். ஆனால் கதிர்வீச்சு தந்த அதே நாளில், சில மணி நேரத்துக்குள் சூடு தர வேண்டும். உடைந்த டிஎன்ஏவைச் செல் பழுதுபார்ப்பதைச் சூடு தடுக்கிறது. அந்தத் தடை சில மணி நேரமே நீடிக்கும். இன்று ஒரு மருத்துவமனையில் கதிர்வீச்சு, மறுநாள் இன்னொன்றில் சூடு என்று ஏற்பாடு செய்தால் பாதிப் பலன் வழியிலேயே போய்விடும்.

கீமோவிலும் எல்லா மருந்தும் சூட்டோடு ஒத்துப்போகாது. சிஸ்பிளாட்டின், ஐபோஸ்பமைட், மைட்டோமைசின் நன்றாகச் சேரும். பாக்லிடாக்செல் போன்ற டாக்ஸேன் வகை மருந்துகளுக்கு அந்த அளவு லாபமில்லை. வயிற்றுக்குள் சூடான மருந்தை ஓட்டும் ஹைப்பெக்கையே பாருங்கள். சினைப்பைப் புற்றுநோயில் சிஸ்பிளாட்டினை 40 டிகிரியில் 90 நிமிடம் ஓட்டிய நெதர்லாந்து ஆய்வில் ஆயுள் கூடியது. பெருங்குடல் புற்றுநோய் வயிற்றுச் சவ்வில் பரவியவர்களுக்கு ஆக்ஸாலிபிளாட்டினை 30 நிமிடம் ஓட்டிய பிரெஞ்சு ஆய்வில் கூடவில்லை.

வெளியிலிருந்து சூடேற்றும்போது நோயாளியை மயக்கிப் படுக்க வைப்பதும் தவறு. எங்கே சுடுகிறது என்று அவர் சொல்வதுதான் தீக்காயத்துக்கு முன்னால் வரும் எச்சரிக்கை. 'ஒரு மணி நேரம்தானே, பொறுத்துக்கொள்கிறேன்' என்று பல்லைக் கடிக்க வேண்டாம். பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு இது பொதுவாக ஆகாது. சூடேற்றும் பகுதியில் உலோகத் தகடு இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இரு தகடுகளுக்கு நடுவே படுக்கவைக்கும் ரேடியோ அலை மெஷின்களில் தோலடிக் கொழுப்பு தடிமனாக இருந்தால் கட்டிக்கு முன் கொழுப்பே சூடாகும். தோல்மேல் வைக்கும் தண்ணீர்ப் பையில் காற்றுக்குமிழி இருந்தாலும் சூடு சீராக இறங்காது.

வெந்நீர்ப் பை, நீராவிக் குளியல் எதுவும் இதற்கு மாற்றல்ல. ஆழத்திலுள்ள கட்டிக்கு அந்தச் சூடு போய்ச் சேராது. கதிர்வீச்சு பட்ட தோலிலும், கீமோவால் மரத்துப்போன கை கால்களிலும் வெந்நீர்ப் பை வைத்தால் புண்தான் மிஞ்சும்.