உடைந்த கல்லா, உடைத்த கல்லா?

ஆதிமனிதர்களின் கற்கருவி தேடிக் களத்தில் இறங்குகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, உச்சிவெயிலில் போகாதீர்கள் என்பதுதான். அந்நேரம் எல்லாக் கல்லும் ஒன்றுபோலத் தெரியும். காலையிலோ பொழுது சாயும்போதோ போங்கள். வெளிச்சம் சாய்வாக விழுந்தால்தான் செதில், அதாவது அடிபட்டுத் தெறிக்கும் மெல்லிய சில்லு, பெயர்ந்த பள்ளங்களின் விளிம்பு எடுத்துக் காட்டும். மழை ஓய்ந்த மறுநாள் இன்னும் நல்லது. ஓடை அரித்த கரைகளில் புதுக் கற்கள் தலைகாட்டியிருக்கும்.

கை வைக்கும் முன், கல் கிடந்தபடியே பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். போனில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மண்ணில் பாதி புதைந்திருந்தால் தொடவே வேண்டாம். மேலாகக் கிடந்தால் மெல்லப் புரட்டலாம்.

கல்லால் கல்லை அடித்துப் பெயர்த்த செதில் என்றால், அடி விழுந்த ஓரத்தில் சின்னதாக ஒரு தட்டையான மேடை இருக்கும். அதை ஒட்டி, உள்முகத்தில் ஒரு புடைப்பு. அங்கிருந்து குளத்தில் கல் எறிந்த மாதிரி வரிகள் விரியும். சக்கிமுக்கிக் கல்லில் இது பளிச்சென்று தெரியும். குவார்ட்சைட் என்னும் சொரசொரப்பான கடினப் பாறையில் கண்ணை நம்ப முடியாது; கட்டைவிரலால் தடவிப் பாருங்கள், புடைப்பு தட்டுப்படும்.

அதோடு முடிவு கட்டிவிடாதீர்கள். ஆற்றில் மோதியும் கல் உடையும். பிரேசிலில் கப்புச்சின் குரங்குகள் கல்லோடு கல்லை மோதும்போது கூரான செதில்கள் தெறித்து விழுவதாக 2016இல் ஓர் ஆய்வு வந்தது. அதற்குப் பிறகு ஒற்றைச் செதிலைக் காட்டி 'மனிதன் செய்தது' என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. ஒரே விளிம்பில் அடுத்தடுத்துச் செதில் எடுத்திருக்கிறதா, இரண்டு முகத்திலும் வேலை நடந்திருக்கிறதா, அதே கல்லின் சில்லுகள் சுற்றிலும் கிடக்கின்றனவா என்று பாருங்கள்.

பார்த்ததும் கிடந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். கழுவவும் வேண்டாம், கருவியைப் பயன்படுத்தியபோது விளிம்பில் ஒட்டிய மிச்சம் போய்விடும். கல்லை எடுத்துப் போகக்கூடாது என்பதில் மட்டும் நான் கறாராக இருப்பேன். சென்னைக்கு அருகிலுள்ள அத்திரம்பாக்கத்தில் நடு பழைய கற்காலக் கருவிகள், அதாவது பெரிய கைக்கோடரிகளுக்குப் பின் வந்த சிறிய செதில் கருவிகள், சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டன என்று தொல்லியலாளர்கள் குமார் அகிலேஷ், சாந்தி பப்பு குழுவினர் 2018இல் அறிவித்தார்களே, அந்த வயதைச் சொன்னது கருவிகள் புதைந்திருந்த மண். அதிலுள்ள துகள்கள் கடைசியாக எப்போது வெயிலைக் கண்டன என்று அளந்தார்கள். அடுக்கிலிருந்து உருவிய கல்லுக்கு அந்தச் சாட்சி இல்லாமல் போகிறது.

கடைசியாக விளிம்பைக் கவனியுங்கள். மழுங்கியிருந்தால் தண்ணீர் எங்கிருந்தோ உருட்டி வந்தது. கூர் குறையாமல் இருந்தால் அதிக தூரம் நகரவில்லை. கல்லுக்கு மேலே உள்ள கரையின் வெட்டுமுகத்தை அடுக்கு அடுக்காகப் பாருங்கள். அதே வகைக் கல் ஏதாவது ஓர் அடுக்கில் நீட்டிக்கொண்டிருந்தால், படத்தையும் இடக்குறிப்பையும் அன்றைக்கே தொல்லியல் துறைக்கு அனுப்பிவிடுங்கள். அடுத்த மழைக்கு அந்தக் கரை நிற்கும் என்று சொல்ல முடியாது.